மகிழுந்துக்கு நாமே செய்யும் பாட்டுப்பெட்டி

அடி அண்ணாமலையிலிருந்து சென்னை ஏறத்தாழ 200 கிலோமீட்டர். அத்துணைத் தொலைவும் வண்டியில் இசை வேண்டுமென விழையும் அன்பர்கள், அதற்கான கருவியைத் தாமே செய்துகொள்ளலாம்.

இங்கிலாந்தில் ஹியூகோ ஃபைன்ஸ் என்பார் தம் வண்டிக்கெனச் செய்த கருவியின் வழிப் பிறந்ததே, 1999-இல் விற்பனைக்கு வந்த எம்பெக். இன்றோ, 2012-இல் அறிமுகமான ராஸ்பெரி பை என்னும் உள்ளங்கையளவுக் கணிப்பொறியே போதும். 32 ஜி.பி. அட்டையொன்றில் 500 மணி நேரப் பாடல்கள் அடங்கும். நம்முள் எவருக்கும் அத்தனை தேவையில்லை!

இடர்ப்பாடு மின்சாரத்தில்தான் உள்ளது. பேட்டரி 12 வோல்ட் எனப்படினும், எஞ்சின் ஓடுகையில் 14 வோல்ட்டைத் தொடும். இச்சிறு கருவிக்கு வேண்டுவது 5 வோல்ட்டே. எனவே இடையில் மின்னழுத்தம் குறைக்கும் மாற்றி இன்றியமையாதது. சாவியைத் திருப்பியதும் மின்சாரம் திடீரென அறுபடுமாதலால், எழுதப்பட்டுக்கொண்டிருக்கும் அட்டை பழுதாகக்கூடும். அட்டையைப் படிப்பதற்கு மட்டுமென அமைத்துவிடுதல் நலம்.

பேட்டரியிலிருந்து நேரே கம்பி இழுப்போர், பேட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ் வைக்க மறவற்க. தோலுரிந்த கம்பி வண்டியின் இரும்பைத் தொட்டால் தீப்பற்றும். பின்னிருக்கையில் பிள்ளைகள் உறங்கிக்கொண்டிருப்பர்.

கண்ணைக் கவரும் தொடுதிரையும் வேண்டாம் என்பேன். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் எந்நேரமும் நடப்போர் உண்டு. பாட்டை மாற்ற, பாராமலே கைக்குத் தட்டுப்படும் பொத்தான்கள் இரண்டு போதும்.