கொம்பும் ளகரமும்

பழைய சிறுகதைத் தொகுப்பு ஒன்றின் மின்கோப்பில் ‘மௌனம்’ என்று தேடினேன். ஒன்றுகூட அகப்படவில்லை. கதைகளைப் புரட்டினாலோ பக்கத்துக்குப் பக்கம் மௌனம். தட்டச்சு செய்தவர் ஔகாரக் குறியைப் போடாமல், ஒற்றைக்கொம்பு போட்டு, மகரத்துக்கு வலப்பக்கம் ளகரத்தை அடித்திருந்தார். ‘மௌனம்’, ‘மெளனம்’ இரண்டும் நம் கண்ணுக்கு ஒன்றே. யூனிகோடில் முதலாவதன் ‘மௌ’ இரண்டு குறிகள்: மகரம், ஔகாரக் குறி. மற்றதில் மூன்று: மகரம், கொம்பு, ளகரம். கணினி எண்களைத்தான் ஒப்பிடுகிறது, உருவத்தை அல்ல. இணையத்தில் ‘கௌரவம்’ தேடுபவருக்குக் ‘கெளரவம்’ நழுவிப் போவது இதனால்தான்.

ஆயிரக்கணக்கான இடங்களைக் கையால் திருத்த முடியாது. ஜாவாஸ்கிரிப்டில் ‘ரீப்ளேஸ்’ கட்டளை இருக்கிறது. தேட வேண்டியதை வெறும் மேற்கோளுக்குள் கொடுத்தால், முதலில் கிடைக்கும் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு நின்றுவிடும். எல்லாவற்றையும் மாற்ற, தேடலை இரு சாய்கோடுகளுக்கு நடுவே ரெஜெக்ஸாக எழுதி, ‘ஜி’ என்ற கொடியைச் சேர்க்க வேண்டும். இன்னொன்று: மூல வாசகம் மாறாது. திருத்திய புதுப் பிரதிதான் திரும்பி வரும். அதை வாங்கி வைக்காவிட்டால் வேலை வீண்.

ரெஜெக்ஸ் என்பது சொல்லை அல்ல, சொல்லின் வடிவத்தை விவரிக்கும் குறியீடு. அதன் பிறப்பு எனக்கு இன்றும் வியப்பு. வாரன் மெக்கல்லக்கும் வால்டர் பிட்ஸும் 1943இல் நரம்பணு வலையைக் கணிதமாக்கினார்கள். அந்த வலையால் எவற்றை அடையாளம் காண முடியும் என்று 1951இல் ஆராய்ந்த ஸ்டீபன் க்ளேனி, விடையை எழுதுவதற்காக உருவாக்கிய கணிதக் குறியீடு இது. 1968இல் கென் தாம்சன் அதை உரையில் தேடும் கருவியாக்கினார். ஜாவாஸ்கிரிப்டின் தரவரையறையில் 1999இல் இடம்பெற்றது.

முதல் முயற்சியாக, கொம்பும் ளகரமும் சேர்ந்து வரும் இடமெல்லாம் ஔகாரக் குறி போடச் சொன்னேன். மௌனம் சரியானது. ஆனால் ‘தெளிவு’, ‘வெளியே’, ‘வெள்ளம்’ எல்லாம் சிதைந்தன. அவற்றிலும் கொம்பை அடுத்து ளகரம்தானே வருகிறது!

வேறுபாடு ளகரத்துக்குப் பின்னால் இருக்கிறது. ‘தெளிவு’ என்பதில் ளகரத்தின் மேல் இகரக் குறி ஏறியிருக்கிறது. ‘வெள்ளம்’ என்பதில் புள்ளி. ‘மெளனம்’ என்பதில் எதுவும் இல்லை. ஆகவே இப்படி எழுதினேன்:

/ெள(?![ா-்])/g

அடைப்புக்குள் இருக்கும் கேள்விக்குறியும் வியப்புக்குறியும், ‘அடுத்து இது வராவிட்டால் மட்டும்’ என்று எட்டிப் பார்க்கச் சொல்கின்றன. சதுர அடைப்பில் கால் முதல் புள்ளி வரை உள்ள எல்லாத் துணைக்குறிகளும் அடக்கம். யூனிகோடில் அவை வரிசையாக இருப்பது நம் நல்வாய்ப்பு. ‘பெளர்ணமி’, ‘வெளவால்’, ‘கெளரவம்’ அத்தனையும் ஒரே ஓட்டத்தில் நேராயின.

ஆனால் இது சிறுகதைத் தொகுப்பு, பாத்திரங்கள் பேசுகிறார்கள். ‘கெளம்பு’ என்று ஒருத்தி சொன்னது ‘கௌம்பு’ ஆகிவிட்டது. ‘வெளக்கு’ம் அப்படியே. இனி வடிவத்தை மட்டும் நம்ப முடியாது, முழுச் சொல்லையும் பார்க்க வேண்டும். சொல்லெல்லையைக் குறிக்க ரெஜெக்ஸில் ஒரு குறி உண்டுதான். ஆனால் ஜாவாஸ்கிரிப்டில் அதற்குச் சொல்லெழுத்து என்றால் ஆங்கில எழுத்துகள், எண்கள், அடிக்கோடு, அவ்வளவே. உலகமெல்லாம் பயன்படுத்தும் மொழியில் இன்றும் இப்படி இருப்பது எனக்கு வருத்தம்தான். அதை விட்டுவிட்டு, ஆய்தம் முதல் புள்ளி வரையான குறிகளின் தொடர்ச்சியே ஒரு சொல் என்று நானே வரையறுத்தேன்: /[ஃ-்]+/g.

ரீப்ளேஸின் இரண்டாவது இடத்தில் மாற்றுச் சொல்லுக்குப் பதிலாக ஒரு ஃபங்ஷனையே வைக்கலாம். இந்தக் கட்டளையில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான். சொல் ஒவ்வொன்றும் அதன் கைக்கு வரும். அது எதைத் திருப்பித் தருகிறதோ அதுவே வாசகத்தில் அமரும். ‘மெளன’, ‘கெளரவ’, ‘செளகரிய’ என்று ஒரு பட்டியல் கொடுத்தேன். அவை உள்ள சொல்லை மட்டும் திருத்து, ஐயமானால் தொடாதே, பக்கத்தில் ஓர் உடுக்குறி வை என்றேன்.

உடுக்குறி பெற்றவற்றில் ‘கெளவி’ இரண்டு இடங்களில் இருந்தது. ஓரிடத்தில் நாய் எலும்பைக் கௌவி ஓடுகிறது, அதைத் திருத்தினேன். இன்னோரிடத்தில் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் கிழவியைப் பேரன் கூப்பிடுகிறான். அதை அப்படியே விட்டேன்.