வழியனுப்பு விழாவுக்கு மறுநாள்

பணி நிறைவு நாளில் சந்தன மாலை, பொன்னாடை, ஒரு சுவர்க் கடிகாரம். மேடையேறுகிற எல்லாரும் தவறாமல் சொல்வது ஒன்றுதான்: "இத்தனை வருஷம் ஓடியாடி உழைச்சிட்டீங்க சார், இனி நிம்மதியா ஓய்வெடுங்க." மறுநாள் காலை எட்டரைக்குப் பிடிக்க வேண்டிய பஸ் இல்லை. கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது.

தமிழ்நாட்டு அரசு ஊழியர்களுக்கு 2021 முதல் ஓய்வு வயது 60. உடம்பு ஒத்துழைத்தால் அதற்குப் பிறகும் இருபது வருடம் இருக்கிறது. அத்தனை வருடமும் அந்த மேடைப் பேச்சை அப்படியே கடைப்பிடித்தால் முதலில் மங்குவது மூளைதான்.

ஆபீஸ் வாங்கிய வேலை

எந்தக் கோப்பு யார் மேஜையில் கிடக்கிறது, எந்த அதிகாரியிடம் எப்போது பேசலாம், ஆடிட் கேள்விக்கு என்ன பதில் எழுதுவது என்று நாள் முழுக்க மூளை நினைவில் வைத்தது, கணக்குப் போட்டது, சமாளித்தது. சலித்துக்கொண்டே செய்தாலும் அது பயிற்சி. ஒரே நாளில் அது நின்றுபோகிறது. அந்த இடத்தில் பலர் சுடோகுவை வைக்கிறார்கள். சுடோகு நிறையப் போட்டால் சுடோகு நன்றாக வரும். மற்றபடி அதனிடம் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம்.

மூளைக்கு உண்மையில் வேலை வைப்பது பேச்சு. ஹைதராபாத்தில் மறதிநோய்க்குச் சிகிச்சைக்கு வந்த 648 பேரை நரம்பியல் மருத்துவர் சுவர்ணா அல்லாடியும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்து 2013இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒரே மொழி பேசியவர்களைவிட, இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மொழி பேசியவர்களுக்கு நோய் சராசரியாக நாலரை ஆண்டு தாமதமாகவே தொடங்கியிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் இந்த வித்தியாசம் தெரிந்தது. அவர்கள் வாழ்நாள் முழுக்க அந்த மொழிகளைப் புழங்கியவர்கள். அறுபதில் இந்தி வகுப்பில் சேர்ந்தால் நாலரை வருடம் கிடைத்துவிடும் என்று இதற்குப் பொருள் அல்ல. ஆனால் பழகாத ஒன்றைத் தட்டுத்தடுமாறிக் கற்பது, பழகியதையே திரும்பச் செய்வதைவிட நல்லது.

டி.வி. சத்தம் ஏறுகிறதா?

பேச்சு என்றால் காது கேட்க வேண்டுமே. அறுபதைத் தாண்டியவர்கள் கண்ணுக்குக் கண்ணாடி போடத் தயங்குவதில்லை. காதுக்கு மட்டும் கௌரவம் குறுக்கே வந்துவிடுகிறது. "செவிடு" என்ற சொல்லை நாம் வசவாகவே புழங்கியதன் விளைவு இது.

மந்தக் காதுக்காரர் அரைகுறையாகக் காதில் விழுவதை ஊகித்துப் புரிந்துகொள்வதற்கே மூளையின் சக்தியைச் செலவழிக்கிறார். கேட்டதை நினைவில் பதிக்க மிச்சம் இருப்பதில்லை. பிறகு கல்யாண வீடுகளில் ஓரமாக உட்காருகிறார்; பிறகு போவதையே விட்டுவிடுகிறார். வீட்டார் "அப்பாவுக்கு மறதி வந்துட்டுது" என்கிறார்கள். சொன்னது அவருக்குச் சரியாகக் கேட்கவே இல்லை என்பது யாருக்கும் தோன்றுவதில்லை.

லான்செட் மருத்துவ இதழின் வல்லுநர் குழு 2024இல், மறதிநோய்க்கு வழிவகுக்கும், நம்மால் மாற்றக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டது. காது மந்தம் அதில் பெரியவற்றுள் ஒன்று. பார்வைக் குறைவு, ரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, புகை, தனிமை எல்லாம் அதில் உண்டு. அத்தனையையும் சரிசெய்ய முடிந்தால், ஏறக்குறைய 45 சதவீத நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்பது அவர்கள் மதிப்பீடு.

ஆகவே முதலில் ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவர். சில நேரம் அடைத்திருக்கும் குறும்பியை எடுத்தாலே போதும். கருவி வேண்டும் என்றால் வாங்கியதைப் போட்டுப் பழகுங்கள். முதல் சில வாரங்கள் பாத்திரச் சத்தம்கூட இடியாக விழும். அதற்குப் பயந்து மேஜை டிராயரில் போட்டுவிட்டவர்கள் ஏராளம்.

மாத்திரை டப்பாவையும் திறந்து பாருங்கள்

மறதி என்றதும் அல்சைமர் என்று பயப்படும் முன் பார்க்க வேண்டியவை சில உண்டு. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல வருடம் சாப்பிட்டால் பி12 குறையலாம். சைவ உணவுக்காரர்களுக்கு அது முன்பே குறைவாக இருக்கலாம். தைராய்டு குறைந்தாலும், மனச்சோர்வு வந்தாலும் மறதி வரும். சளிக்கும் அரிப்புக்கும் கடையில் கேட்டு வாங்கும் சில பழைய மாத்திரைகளும், தூக்க மாத்திரைகளும் முதியவர் மூளையை மந்தப்படுத்தும். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

கரண்ட் பில் தேதியை மறந்து, பிறகு நினைவு வந்து கட்டினால் அது வயது. கட்டியதே நினைவில்லாமல் மறுபடி கட்டக் கிளம்பினால், பழகிய ரேஷன் கடையிலிருந்து வீட்டுக்கு வழி தெரியாமல் நின்றால் மருத்துவரைப் பாருங்கள். நேற்றுவரை நன்றாக இருந்தவர் இன்று திடீரென்று உளறினால் அன்றே ஆஸ்பத்திரி: சிறுநீர்த் தொற்று, உப்புச் சத்துக் குறைவு, பக்கவாதம் எதுவாகவும் இருக்கலாம்.

நடை

அமெரிக்காவில் 120 முதியவர்களைக் கொண்டு நடத்திய ஆய்வு 2011இல் வெளியானது. வாரம் மூன்று நாள், 40 நிமிடம், ஒரு வருடம் வேகமாக நடந்தவர்களுக்கு, நினைவைச் சேமிக்கும் ஹிப்போகேம்பஸ் பகுதி சுமார் 2 சதவீதம் பெரிதாகியிருந்தது. கைகால் நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு அது சற்றுச் சுருங்கியது. நடைக்கு ஒரு துணை இருந்தால் பேச்சும் சேர்ந்துகொள்ளும்.

"நீங்க சும்மா உட்காருங்க அத்தை"

வீட்டுப் பெண்களுக்கு வழியனுப்பு விழா நடப்பதில்லை. மருமகள் வந்து பாசத்தோடு அடுக்களையைக் கையில் எடுக்கும் நாள்தான் அவர்களுடைய ஓய்வு நாள். எத்தனை பேருக்கு எத்தனை ஆழாக்கு, குழம்பு கொதிப்பதற்குள் எதை நறுக்குவது, பால்காரர் கணக்கில் எத்தனை நாள் கழிப்பது என்று நாற்பது வருடம் ஓடிய மனக்கணக்கு அன்று நிற்கிறது. கணவருக்காவது பென்ஷன் நேர்காணல், சங்கக் கூட்டம் என்று வெளியே போக ஒரு சாக்கு இருக்கிறது.

பால் கணக்கை அத்தையிடமே விடுங்கள். வெண்டைக்காயை அவரே ஒடித்துப் பார்த்து வாங்கட்டும். மிச்சச் சில்லறையைக் கொஞ்சம் தாமதமாக எண்ணினாலும் அவரே எண்ணட்டும்.