பெயர் போனது, படம் போகவில்லை

முகூர்த்த நாள்கள் அடுத்தடுத்து வரும் மாதம். பெரம்பலூரிலோ அரியலூரிலோ ஒரு போட்டோ ஸ்டுடியோவை நினைத்துக்கொள்ளலாம். முன்னறையில் பாஸ்போர்ட் படத்துக்கான திரை, பின்னறையில் ஆல்பம் போடும் கணினி, அலமாரியின் கீழ்த்தட்டில் பச்சை விளக்கு மினுக்கும் கறுப்புப் பெட்டி ஒன்று. எடுத்த படமெல்லாம் அந்தப் பெட்டியில்தான். ‘குன்னம் காதுகுத்து’ வேலை முடிந்து கொடுத்தாகிவிட்டது, அழிக்கலாம். ‘குன்னம் கல்யாணம்’ ஆல்பம் இன்னும் தொடங்கவே இல்லை. இரண்டும் பட்டியலில் மேலும் கீழுமாக நிற்கின்றன. இரவு பதினோரு மணி, தூக்கக் கலக்கம், ஒரு வரி தள்ளி விழுகிறது விரல். ‘நிரந்தரமாக நீக்கவா?’ என்று கணினி கேட்கிறது. கை பழக்கத்தில் என்டரைத் தட்டிவிடுகிறது.

“அண்ணே, கல்யாண ஃபோல்டரக் காணோம்ணே.”

முதலாளி ஓடிவந்து முதலில் திறப்பது கணினியின் ரீசைக்கிள் பின்னை. அங்கே ஒன்றும் இருக்காது. கணினியின் சொந்த டிஸ்க்கில் இருப்பதை அழித்தால்தான் அது அந்தக் குப்பைத்தொட்டிக்குப் போகும். கறுப்புப் பெட்டி தனி ஆள். அதற்குள்ளேயே ஒரு சிறு கணினி, ஒன்றோ நான்கோ ஹார்ட் டிஸ்க், வைஃபை ரூட்டரோடு ஒரு கேபிள். ‘நாஸ்’ என்றும் ‘வீட்டு சர்வர்’ என்றும் சொல்வார்கள். அதிலுள்ள கோப்பை நெட்வொர்க் வழியாக அழித்தால், ‘இதை எடுத்துவிடு’ என்ற உத்தரவு மட்டுமே பெட்டிக்குப் போகிறது. அது உடனே எடுத்துவிடுகிறது.

ஆனால் எடுத்துவிடுகிறது என்றால் என்ன? கிராமத்து அடங்கல் ஏட்டை வைத்துப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். ஒரு சர்வே எண்ணுக்கு எதிரே இருந்த பெயரை அடித்து, ‘தரிசு’ என்று எழுதிவிட்டதாக வைத்துக்கொள்வோம். ஏட்டில் அந்த நிலம் காலி. ஆனால் நேரில் போய்ப் பார்த்தால் மக்காச்சோளம் கதிர் முற்றி அப்படியே நிற்கும். வேறொருவர் வந்து ஏர் பூட்டும் வரை அது நிற்கும். ஹார்ட் டிஸ்க்கிலும் கோப்பை அழிப்பது இவ்வளவுதான். பட்டியலில் பெயர் போகிறது, இடம் ‘காலி’ என்று குறிக்கப்படுகிறது. படத்தின் ஒவ்வொரு புள்ளியும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. புதிய கோப்பு ஒன்று அந்த இடத்தில் எழுதப்படும்போதுதான் பழையது நிஜமாகவே போகிறது.

அதனால்தான் அழிந்த நிமிடத்தைவிட அதற்கடுத்த சில மணி நேரம் பெரிது. பதற்றத்தில் பெட்டியை ஓடவிட்டுவிட்டு இணையத்தில் வழி தேடுகிறார்கள். அந்த நேரத்தில் வாசல் கேமரா தன் பதிவை அதே டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருக்கிறது. வீட்டில் நான்கு பேர் கைப்பேசியும் அன்றைய படங்களை ஏற்றிக்கொண்டிருக்கிறது. நள்ளிரவில் பெட்டி தானாகவே பராமரிப்பு வேலை தொடங்குகிறது. ஒவ்வொன்றும் அந்த மக்காச்சோளக் கொல்லையில் ஏர் ஓட்டுவதுதான். கேமராவையும் கைப்பேசி ஏற்றத்தையும் அந்த நிமிடமே நிறுத்த வேண்டும். மீட்பு மென்பொருளை அதே டிஸ்க்கில் இறக்கிவிடக் கூடாது. ஏமாந்துபோகிறவர்கள் அதிகம் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

பெட்டியை அணைப்பதற்கு முன் அதன் நிர்வாகப் பக்கத்தில் இரண்டு இடங்களைப் பார்த்துவிடலாம். ஒன்று, பெட்டியின் சொந்தக் குப்பைத்தொட்டி. சைனாலஜி, கியூநாப் போன்ற பெட்டிகளில் ஒவ்வொரு பகிர்வு ஃபோல்டருக்கும் இதை இயக்கி வைக்க முடியும். இயக்கியிருந்தால் கல்யாணம் முழுசாக அதற்குள் கிடக்கும், இரண்டு நிமிடத்தில் திரும்பிவிடும். மற்றொன்று ‘ஸ்னாப்ஷாட்’. பிடிஆர்எஃப்எஸ், இசட்எஃப்எஸ் ஆகிய கோப்பு முறைகளில், நேற்று இரவு டிஸ்க் எப்படி இருந்ததோ அந்த நிலையை அப்படியே குறித்து வைக்கும் வசதி இது. மாறிய பகுதிகளுக்கு மட்டும் இடம் பிடிப்பதால் டிஸ்க் சட்டென்று நிரம்புவதும் இல்லை. ஆனால் இரண்டையுமே முன்கூட்டியே இயக்கியிருக்க வேண்டும். கைப்பேசியிலிருந்து வந்த படமென்றால் இன்னொரு வழி உண்டு. கூகுள் போட்டோஸில் ஏற்றப்பட்டு அழிந்தவை அங்குள்ள குப்பைத்தொட்டியில் 60 நாள் இருக்கும்.

“ரெண்டு டிஸ்க் போட்டிருக்கோமே, ஒண்ணு போனா இன்னொண்ணுல இருக்கும்ல?” இந்தக் கேள்வியை அடிக்கடி கேட்க முடிகிறது. 1988-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி கேட்ஸ் மூவரும் ‘ரெய்டு’ என்ற முறையை விளக்கிக் கட்டுரை வெளியிட்டார்கள். பல சிறிய டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றாக இயக்குவது, அதில் ஒன்று பழுதானாலும் வேலை நிற்காமல் பார்த்துக்கொள்வது, இதுதான் அதன் வேலை. இரண்டு டிஸ்க் பெட்டியில் இது ஒரு டிஸ்க்கில் எழுதுவதை இன்னொன்றிலும் அதே நொடியில் எழுதுகிறது என்றால், ஒன்றில் அழிப்பதை இன்னொன்றிலும் அதே நொடியில் அழிக்கிறது என்றுதான் பொருள். இன்னும் மோசம், ஒரு டிஸ்க்கைக் கழற்றி மறுபடி செருகினால் பெட்டி ‘ரீபில்ட்’ தொடங்கி அதன்மேல் முழுக்க எழுதிவிடவும் கூடும்.

தொட்டியும் இல்லை, ஸ்னாப்ஷாட்டும் இல்லை என்றால்? அப்போதும் வழி இருக்கிறது என்று 2021 ஏப்ரலில் உலகமே பார்த்தது. தைவானின் கியூநாப் நிறுவனத்துப் பெட்டிகளை வீட்டிலும் சிறு அலுவலகங்களிலும் வைத்திருந்தவர்கள் ஒரு காலையில் எழுந்து பார்த்தால், குடும்பப் படங்கள் எல்லாம் கடவுச்சொல் போட்ட பொட்டலங்களாகிக் கிடந்தன. பக்கத்தில் ஒரு மிரட்டல் குறிப்பு: 0.01 பிட்காயின் கட்டினால் கடவுச்சொல். ‘கியூலாக்கர்’ என்று பெயர் பெற்ற அந்தத் தாக்குதலில் ஒரு விஷயம் கவனிக்கத் தக்கது. படங்களைப் பொட்டலம் கட்டிய பிறகு அந்த நிரல் மூலப் படங்களைச் சாதாரணமாக அழித்திருந்தது. பெயரை மட்டும் அடித்திருந்தது, நிலத்தை உழவில்லை. அதனால், கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதிய ‘ஃபோட்டோரெக்’ என்ற இலவச மென்பொருளை அடிப்படையாக வைத்து கியூநாப் ஒரு மீட்புக் கருவியை வெளியிட்டது. வெளியிலிருந்து வேறு டிஸ்க் ஒன்றைச் செருகி, கிடைத்ததை அதில் இறக்கிக்கொள்ள வேண்டும்.

ஃபோட்டோரெக் வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம். அது பட்டியலைத் திறப்பதே இல்லை. டிஸ்க்கின் முதல் மூலையிலிருந்து கடைசி மூலை வரை கட்டம் கட்டமாக நடந்துபோகிறது. ஜேபெக் படம் எதுவானாலும் அதன் தொடக்கத்தில் 255, 216, 255 என்ற மூன்று எண்கள் இருக்கும். முடிவில் 255, 217. அந்த மூன்று எண்ணைக் கண்டதும் ‘இங்கே ஒரு படம் தொடங்குகிறது’ என்று பிடித்துக்கொண்டு, முடியும் இடம் வரை அள்ளி வெளியே வைக்கிறது. வயலில் வரப்புக்கல்லை வைத்தே எல்லை கண்டுபிடிப்பது போல. கேமரா படங்கள் பெரும்பாலும் ஒரே தொடராக எழுதப்படுவதால் நன்றாகவே திரும்பும். இரண்டு மணி நேரக் கல்யாண வீடியோ அப்படி இல்லை. அது டிஸ்க்கில் பல துண்டுகளாகச் சிதறியிருக்கலாம், எந்தத் துண்டுக்குப் பின் எந்தத் துண்டு என்று சொல்லும் குறிப்பு பட்டியலோடு போய்விட்டது. லினக்ஸ் பெட்டிகளில் பரவலாக உள்ள எக்ஸ்ட்4 முறை, அழிக்கும்போதே அந்தக் குறிப்பையும் துடைத்துவிடுகிறது. மனசைத் தயார் செய்துகொள்ள வேண்டிய இடம் இது: படம் வரும், வீடியோ பாதியில் நிற்கலாம்.

டிஸ்க்குகளை வெளியே எடுப்பதென்றால் பெட்டியை முறைப்படி அணைத்த பிறகே எடுக்க வேண்டும். எந்தக் குழியிலிருந்து எந்த டிஸ்க் வந்தது என்று மேலே டேப் ஒட்டி எண் எழுதிவிட வேண்டும். நான்கு டிஸ்க் ரெய்டில் வரிசையும் ஒரு தகவல்தான். பிறகு ஒவ்வொரு டிஸ்க்கையும் கட்டம் கட்டமாக வேறொன்றில் நகலெடுத்து, நகலின் மேல்தான் தேடல். இதற்கு ‘டிடிரெஸ்க்யூ’ என்ற மென்பொருள் இருக்கிறது. டிஸ்க்கிலிருந்து ‘டக், டக்’ என்று சத்தம் வந்தால் அது வேறு நோய். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, சுத்த அறை வைத்திருக்கும் மீட்பு மையத்துக்குத்தான் போக வேண்டும். எஸ்எஸ்டி என்றால் நம்பிக்கை குறைவு. ‘ட்ரிம்’ என்ற உத்தரவு வந்ததும் அது காலி இடங்களைத் தானே துடைக்கத் தொடங்கிவிடும்.

2021-லேயே ஜூன் மாதம் இன்னொரு அடி விழுந்தது. வெஸ்டர்ன் டிஜிட்டலின் ‘மை புக் லைவ்’ பெட்டிகளை வைத்திருந்த பலர், தங்கள் பெட்டி ஒரே இரவில் புதிதாக வாங்கியது போல் காலியாகக் கிடப்பதைக் கண்டார்கள். அந்தப் பெட்டிகளுக்கு 2015-க்குப் பின் மென்பொருள் புதுப்பிப்பே வரவில்லை. இணையம் வழியே உள்ளே நுழைந்தவர்கள் அவற்றைத் தொடக்க நிலைக்குத் திருப்பியிருந்தார்கள். உடனே இணையத்திலிருந்து துண்டியுங்கள் என்று எச்சரித்த நிறுவனம், பின்னர் தரவு மீட்புச் சேவையையும் அறிவித்தது. தப்பியவர்கள் யார் என்று பார்த்தால், அதே படங்களின் நகலை வேறொரு டிஸ்க்கில், கேபிள் இல்லாமல் அலமாரியில் வைத்திருந்தவர்கள்.

வேறோர் இடத்தில் நகல் இருப்பதன் அருமையை 1998-இல் பிக்ஸார் நிறுவனம் கண்டது. ‘டாய் ஸ்டோரி 2’ படத்தின் கோப்புகளை யாரோ இட்ட ஒரு தவறான உத்தரவு அழிக்கத் தொடங்கியது. பெரும்பகுதி போய்விட்டது. நம்பியிருந்த பேக்கப்பும் சரியாக வேலை செய்யவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. கேலின் சுஸ்மன் என்ற அதிகாரி குழந்தை பெற்று, வீட்டிலிருந்தே வேலை செய்து வந்தார். அவர் வீட்டுக் கணினியில் ஒரு நகல் இருந்தது. அந்தக் கணினியைப் போர்வையில் சுற்றி, காரின் பின்சீட்டில் பெல்ட் போட்டுக் கட்டி ஸ்டுடியோவுக்குக் கொண்டுவந்தார்கள்.

பெரம்பலூர், அரியலூர் மண்ணுக்கு இந்தக் கதை புதிதல்ல. அரியலூரில் சடகோபையங்காரிடம் பாடம் கேட்டு, குன்னத்திலும் செங்குணத்திலும் படித்த சிறுவன்தான் பிற்காலத்து உ.வே.சாமிநாதையர். 1887-இல் அவர் பதிப்பித்த சீவக சிந்தாமணி ஒரே ஒரு சுவடியிலிருந்து வந்ததல்ல. ஓர் ஊர் ஏட்டில் செல்லரித்த இடத்தை இன்னோர் ஊர் ஏடு நிரப்பியது. தனித்தனி வீடுகளில், மடங்களில், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் கிடந்ததால் எல்லாம் ஒரே நாளில் அழியவில்லை. 2005-இல் புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோ எழுதிப் பரப்பிய ‘3-2-1’ வழக்கமும் அதையே கேட்கிறது: மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில். ஸ்டுடியோக்காரர் ஒரு டிஸ்க்கை மாமனார் வீட்டு பீரோவில் வைத்தால் போதும்.

குன்னம் கல்யாணத்துக்குத் திரும்பலாம். இரவே எல்லாவற்றையும் நிறுத்தி, நகலெடுத்து, ஃபோட்டோரெக்கை ஓடவிட்டு மறுநாள் வந்து பார்த்தால் ஆயிரக்கணக்கில் படம் வந்து நிற்கும். ஆனால் ‘கல்யாணம்’ என்ற ஃபோல்டர் இருக்காது. ஒவ்வொரு படத்துக்கும் ஓர் ஆங்கில எழுத்தும் நீளமான எண்ணும்தான் பெயர். கல்யாணம், காதுகுத்து, எப்போதோ எடுத்த வளைகாப்பு எல்லாம் கலந்து கிடக்கும். எடுத்த தேதியும் நேரமும் படத்துக்குள்ளேயே பதிந்திருப்பதால் அதை வைத்து நாள்வாரியாகப் பிரித்துவிடலாம். அதற்கு மேல் கணினிக்குத் தெரியாது. பெண் வீட்டார் யாரையாவது பின்னறைக்கு அழைத்து நாற்காலி போட்டு உட்கார வைத்தால், அப்பத்தா திரையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வருவார்: “இது செந்துறை சின்னம்மா. இவன் எங்க கொழுந்தன் மவன். இது நம்ம வீட்டு விசேஷமே இல்ல சாமி, தள்ளு.”