ஃபீஸ் இல்லை, செலவு உண்டு

சான் பிரான்சிஸ்கோ வாக்காளர்கள் 2016 நவம்பரில், 50 லட்சம் டாலருக்கு மேல் விலைபோகும் சொத்துகளின் கைமாற்று வரியை உயர்த்தினார்கள். அந்த வருமானத்தை நம்பி, 2017 இலையுதிர் பருவம் முதல் நகரவாசிகளுக்கு அங்குள்ள சமூகக் கல்லூரியான சிட்டி காலேஜில் கல்விக் கட்டணம் இல்லை என்றானது. திட்டத்தின் பெயர் ‘ஃப்ரீ சிட்டி’. திட்டம் நல்லதுதான். ஆனால் இலவசம் என்ற சொல்லை மட்டும் பார்த்துச் சேருகிறவர்கள் பின்னால் சிக்கிக்கொள்ள வாய்ப்பு உண்டு.

முதலில், தள்ளுபடியாவது எவ்வளவு? கலிஃபோர்னியா சமூகக் கல்லூரிகளில் ஒரு யூனிட்டுக்கு 46 டாலர். முழுநேரப் படிப்பான 12 யூனிட்டுக்கு, பருவத்துக்கு 552 டாலர். அந்த நகரத்தில் இது ஒரு மாத வாடகைக்குக்கூடக் காணாது. புத்தகம், சுகாதாரக் கட்டணம், சாப்பாடு, வாடகை எல்லாம் பெரும்பாலும் மாணவர் தலையில்தான்.

அடுத்தது, உள்ளூர்வாசி யார் என்பது. நகர முகவரி மட்டும் போதாது. பருவம் தொடங்குமுன் ஓராண்டுக்கு மேல் மாநிலத்தில் நிலையாக வசித்ததற்கு ஆவணம் வேண்டும். பக்கத்து ஊர்களான ஃப்ரீமான்ட்டிலோ சன்னிவேலிலோ இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு சான் பிரான்சிஸ்கோவின் சலுகை கிடைக்காது. எச்-4 விசாவில் இருப்பவர் மாநிலவாசி ஆக முடியும். எஃப்-1 மாணவர் எத்தனை ஆண்டு இருந்தாலும் ஆக முடியாது. அவருக்கு ஒவ்வொரு யூனிட்டும் சில நூறு டாலர்.

பலர் மாட்டுவது பாதியில் விடும்போது. முழுப் பருவ வகுப்புகளுக்குக் கட்டணம் திரும்பக் கிடைக்கும் கெடு முதல் இரண்டு வாரம்தான். ஃப்ரீ சிட்டியின் ஆரம்ப ஆண்டுகளில், கெடு தாண்டி வகுப்பை விட்ட பலருக்கு பில் போனது. 3 யூனிட் வகுப்பு ஒன்றுக்கு 138 டாலர். பணத்தைவிடப் பெரிய சேதம் மதிப்பெண் பட்டியலில். 12 யூனிட்டில் 6-ஐ விட்டால் தேர்ச்சி விகிதம் 50 சதவீதம். நிதியுதவி தொடர வழக்கமாக 67 சதவீதம் வேண்டும். பருவத்தில் 60 சதவீதம் முடியுமுன் எல்லா வகுப்புகளையும் விட்டால், மத்திய அரசிடம் வாங்கிய பெல் உதவித்தொகையில் ஒரு பகுதியைத் திருப்பிக் கட்ட நேரலாம்.

கடைசியாக, படிப்பு எங்கே கொண்டுபோய் விடும்? அமெரிக்க சமூகக் கல்லூரிகளில் சேருவோரில் ஏறத்தாழ 80 சதவீதம் பேருக்கு இளங்கலைப் பட்டம்தான் குறி. ஆறு ஆண்டில் அதை வாங்குவோர் சுமார் 16 சதவீதம். பல்கலைக்கழகம் ஏற்காத பாடத்தை எடுத்தால், இலவசமாகக் கிடைத்த அந்தப் பருவம் வீண். எந்தப் பாடத்தை எந்த வளாகம் ஏற்கும் என்று ‘அசிஸ்ட்’ தளத்தில் பார்த்துவிட்டே பதிய வேண்டும்.

சலுகைக்கான பணம் நகரத்தின் பட்ஜெட்டிலிருந்து வருவதால் விதிகள் மாறக்கூடும். போன வருடம் படித்தவர் சொன்னதை நம்பிப் பதியாமல், நடப்புப் பருவத்தின் தகுதி விதியையும் வகுப்பை விடும் கெடுவையும் கல்லூரியிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.