ஜப்பான் பாட்டு ஏன் கப்பல் ஏறவில்லை?

ஜப்பான் சாமான் என்றால் நம்மவர்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவார்கள். டொயோட்டா, சொனி, கெசியோ என்று அந்நாட்டுப் பெயர் நுழையாத வீடு குறைவு. ஆனால் ஒரு ஜப்பானியப் பாடகரின் பெயரைச் சொல்லுங்கள் என்றால் பலரும் விழிப்பார்கள். கொரியக் குழுக்களின் பெயரோ பள்ளிப் பிள்ளைகளுக்குக் கூடத் தெரிகிறது. இசை கேட்கலாமா, கூடாதா என்பது உலமாக்கள் பேச வேண்டிய விடயம். இங்கு நாம் பார்ப்பது வியாபாரக் கணக்கை மட்டும்தான்.

ஜப்பானின் இசைச் சந்தை சிறியதல்ல. அமெரிக்காவுக்கு அடுத்து உலகில் இரண்டாவது பெரிய சந்தை அதுதான். சுமார் 12 கோடி சனம், கையில் காசு உள்ள சனம். உத்தாதா ஹிக்காரு என்ற பாடகியின் 'ஃபெர்ஸ்ட் லவ்' இறுவட்டு 1999இல் வெளிவந்து, உள்நாட்டில் மட்டும் 70 இலட்சத்துக்கு மேல் விற்பனையானது. அதே பாடகி 2004இல் அமெரிக்கச் சந்தைக்கென்று ஆங்கிலத்தில் ஓர் இறுவட்டு வெளியிட்டார். அது பில்போர்ட் பட்டியலில் 160ஆம் இடத்துக்கு மேல் ஏறவில்லை. சொந்த ஊர்க் கடையில் சனம் நிரம்பி வழியும்போது அடுத்த ஊரில் கிளை போட்டு நட்டப்பட எந்த முதலாளிக்கு மனம் வரும்?

விலையையும் பாருங்கள். போட்டிச் சட்டத்தில் 1953இல் கொடுக்கப்பட்ட விலக்கின்படி, கம்பனி குறித்த விலைக்குத்தான் கடைக்காரர் இசைத்தட்டை விற்க வேண்டும். கழிவு கொடுத்து விலையை உடைக்க முடியாது. பாட்டுத் தொகுப்பு ஒன்று 3,000 யென் அளவில் விற்றது. இவ்வளவு இலாபம் தரும் வட்டை விட்டுவிட்டு, சில சதங்கள் தரும் இணையத்துக்குப் போகக் கம்பனிகள் தயங்கின. ஸ்பொட்டிபை 2008இல் சுவீடனில் தொடங்கியது. ஜப்பானுக்குள் வந்தது 2016இல். 1999இலிருந்து அந்நாட்டில் கொடிகட்டிப் பறந்த அரஷி குழு யூடியூபில் தனக்கென்று பக்கம் திறந்தது 2019இல்தான்! அதுவரை வெளியூர்க்காரன் கேட்க விரும்பினாலும் சரக்கு கைக்கு எட்டவில்லை.

இன்னொரு தந்திரமும் உண்டு. 2005இல் தொடங்கிய ஏகேபி 48 என்ற பெண்கள் குழு, இறுவட்டுடன் கைகுலுக்கும் டிக்கட்டையும் வாக்குச் சீட்டையும் சேர்த்து விற்றது. ஒரே இறுவட்டை ஒரே ஆள் பத்து, இருபது என்று வாங்கினார். இது பாட்டு வியாபாரமா, டிக்கட் வியாபாரமா? எதுவானாலும், கைகுலுக்கலை ஏற்றுமதி செய்ய முடியாது.

கொரியாவின் கதை நேர்மாறு. அங்கு சுமார் 5 கோடி சனம்தான். 1997 நிதி நெருக்கடி வேறு அடித்துப் போட்டது. வெளியே போகாமல் பிழைக்க வழியில்லை. போவா என்ற சிறுமிக்கு ஜப்பானிய மொழி படிப்பித்து 2001இல் ஜப்பானுக்கே அனுப்பினார்கள். அடுத்த வருடமே அவருடைய தொகுப்பு அங்கு முதலிடம் பிடித்தது. காணொளிகளை இலவசமாக உலகுக்குக் காட்டினார்கள். 2012இல் 'கங்னம் ஸ்டைல்' யூடியூபில் 100 கோடி தடவை பார்க்கப்பட்ட முதல் காணொளியானது.

மொழிதான் தடை என்பார் சிலர். கொரிய மொழி மட்டும் யாருக்கு விளங்குகிறது? 1963இல் சகமோட்டோ கியூ ஜப்பானிய மொழியிலேயே பாடி அமெரிக்காவில் முதலிடம் பிடித்தார். வெள்ளைக்காரர் வாயில் நுழைய வேண்டுமென்று அந்தச் சோகப் பாட்டுக்கு 'சுகியாக்கி' என்று மாட்டிறைச்சிச் சாப்பாட்டின் பெயரை வைத்தார்கள். பாட்டில் இறைச்சியும் இல்லை, சட்டியும் இல்லை.

இப்போது நிலைமை மாறுகிறது. இறுவட்டு விற்பனை 1998இல் உச்சம் தொட்டு இறங்கியது. சனத்தொகையும் குறைகிறது. கார்ட்டூன் படங்களின் முதுகில் ஏறிப் பாட்டுகள் வெளியே போகின்றன. யோஅசோபி குழுவின் 'ஐடல்' 2023இல் அமெரிக்கா நீங்கலான உலகப் பட்டியலில் முதலிடம் பெற்றது. 1979இல் மட்சுபாரா மிகி பாடிய பாட்டொன்றை, ஹிஜாப் அணிந்த இந்தோனேசியப் பாடகி ஒருவர் 2020இல் யூடியூபில் பாடினார். அந்த வருட முடிவுக்குள் மூலப் பாட்டு உலகெங்கும் பரவியது. மட்சுபாரா அதைப் பார்க்கவில்லை. அவர் 2004இலேயே காலமாகிவிட்டார்.