திரும்பிச் செல்ல ஒரு வழி

இணையத்தளம் அமைக்கப் பயிலும் மாணவனொருவனின் கணினியைத் திறந்து பார்ப்போமாயின், 'இறுதி', 'இறுதி 2', 'உண்மையான இறுதி' எனப் பெயரிட்ட கோப்புகள் வரிசையாய் நிற்கக் காண்போம். எது இறுதி என்பதை அவனே அறியான். இருவர் கூடி வேலை செய்யின் இடர் இரட்டிக்கும். ஒருவன் இரவெல்லாம் விழித்து எழுதியதை மற்றவனின் கோப்பு ஒரு நொடியில் அழித்துவிடும்.

இக்குறையைத் தீர்க்க எழுந்ததே பதிப்புக் கட்டுப்பாடு. அதற்கென இன்று பெருவழக்காயுள்ள கருவி 'கிற்' என்பது. பின்லாந்தில் பிறந்த லினஸ் டோர்வால்ட்ஸ், தாம் தொடங்கிய லினக்ஸ் மென்பொருளைப் பலர் கூடித் திருத்துதற்கென 2005 ஆம் ஆண்டில் இதனை ஆக்கினார். நல்ல கணக்கர் பிழைத்த வரியைச் சுரண்டி அழியார்; கோடிட்டு அருகே திருத்தம் எழுதுவர். கிற்றும் அவ்வாறே ஒவ்வொரு மாற்றத்தையும் செய்தவர் பெயர், நேரம், குறிப்பு என்பவற்றோடு களஞ்சியத்திற் பதிந்து வைக்கும். நேற்றைய நிலை வேண்டின் நாம் அதனை மீளப் பெறலாம். இருவர் ஒரே வரியை வெவ்வேறாகத் திருத்தினால், முரணைக் காட்டி நம்மையே தீர்க்கச் சொல்லும்.

நிற்க, எழுதியது செம்மையாயினும், தளத்தை வழங்கும் சேவையகத்தில் அதனை ஏற்றும் கை தவறலாம். 2012 ஆகஸ்ட் 1 ஆம் நாள் நைட் கப்பிற்றல் என்னும் அமெரிக்கப் பங்குவணிக நிறுவனம் இப்பாடத்தைப் பெருவிலை கொடுத்துக் கற்றது. புதிய நிரலை எட்டுச் சேவையகங்களில் ஏற்ற வேண்டியவர் ஒன்றை விட்டுவிட்டார். அதில் உறங்கிக் கிடந்த பழைய நிரல் விழித்து, வேண்டாத வணிகக் கட்டளைகளை இடையறாது அனுப்பியது. ஏறத்தாழ 45 நிமிடத்தில் நேர்ந்த நட்டம் 44 கோடி டொலருக்கு மேல்.

ஆதலின் ஏற்றும் பணியையும் கணினியிடமே ஒப்படைத்தல் நன்று. மாற்றம் களஞ்சியத்தை அடைந்ததும், நாம் முன்னரே எழுதிவைத்த ஒழுங்கின்படி அது சோதிக்கப்படும், தேறினால் தளத்தில் ஏறும், தேறாவிடின் நின்றுவிடும். பிழையொன்று தப்பிப் புகுந்தாலும், முந்தைய பதிப்பை மீண்டும் ஏற்றுதல் எளிது.

ஈண்டு இரண்டு எச்சரிக்கைகள். கடவுச்சொல்லைக் களஞ்சியத்தில் எழுதலாகாது. பின்னர் அழித்தாலும் பழைய பதிவில் அது நிலைத்திருக்கும். தரவுத்தளத்திலுள்ள விபரங்களைக் கிற் காவாது. அவற்றுக்குத் தனியே படி எடுத்தல் வேண்டும்.

சிறு தளத்துக்கு இத்துணை ஏற்பாடு எதற்கென வினவுவார் உளர். பெரு நிறுவனத்தில் பிழை பார்ப்பார் பலர். சிறு வேலையிலோ எல்லாம் ஒருவனே. அவனுக்கன்றோ திரும்பிச் செல்ல வழி வேண்டும்? கிற் விலையின்றிக் கிடைப்பது. அடுத்த வேலையின் முதல் நாளிலேயே அதனைத் தொடங்குவோமாக.