மேட்டுக்காடும் மூடிக் கிடக்கும் ஷெட்டும்

விருதுநகர் மாவட்டத் தாயில்பட்டி வட்டாரத்தில் பாழடைந்த இடங்கள் இரண்டு வகை. ஒன்று, வைப்பாற்றங்கரையில் விஜயகரிசல்குளம் மேட்டுக்காடு போல, மண்ணுக்குள் பழைய ஊரைப் புதைத்து வைத்திருக்கும் இடம். மற்றொன்று, உரிமம் ரத்தாகி ஆள் நடமாட்டமில்லாமல் கிடக்கும் பட்டாசு ஷெட். லீவு நாளில் சுற்றும் பிள்ளைகளுக்கு இரண்டும் ஒன்றுதான்: கேட்க ஆளில்லாத இடம். ஆனால் முன்னதில் கை வைத்தால் வரலாறு போகும். பின்னதில் கால் வைத்தால் உயிரே போகும்.

மண்ணில் கிடைத்தது யாருக்கு?

மேட்டுக்காட்டில் தமிழ்நாடு தொல்லியல் துறை 2022 மார்ச்சில் அகழாய்வைத் தொடங்கியது. சங்கு வளையல்கள், கண்ணாடி மணிகள், சுடுமண் பொம்மைகள், தக்களி, காதணி என்று அடுக்கடுக்காகக் கிடைத்தன. எந்த ஆழத்தில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பதை வைத்துத்தான் ஒரு பொருளின் காலத்தைக் கணிக்கிறார்கள். பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோன மணி வெறும் மணிதான். அது எந்த ஊரின் கதையையும் சொல்லாது.

உழும்போதோ அஸ்திவாரம் தோண்டும்போதோ காசு, நகை, சிலை கிடைத்தால் 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் பொருந்தும். மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறை; கண்டெடுத்தவருக்குரிய பங்கும் போய்விடும். முறையாகச் சொன்னவருக்கோ சட்டத்திலேயே உரிமை உண்டு. அரசு அந்தப் பொருளை எடுத்துக்கொண்டால், அதன் மூலப்பொருளின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகத் தர வேண்டும். 'சொன்னால் பிடுங்கிக்கொள்வார்கள்' என்ற பயத்தில் தட்டாரிடம் கொடுத்து உருக்குபவர்தான் நஷ்டப்படுகிறார்.

மத்திய அரசு பாதுகாக்கும் சின்னங்களைப் பார்க்கப் பொதுமக்களுக்கு உரிமை உண்டு. ஆனால் சுவரில் பெயர் கிறுக்கினாலோ கல்லைப் பெயர்த்தாலோ இரண்டாண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே கிடைக்கலாம். பட்டியலில் இல்லாத பழைய மண்டபங்களில் ஆபத்து வேறு. மழைக்குப் பிறகு காரை உதிர்ந்து கல் சரியும். புதர் மூடிய கிணறு கண்ணுக்குத் தெரியாது.

நனைந்த மருந்து செத்துப்போகுமா?

மூடிய ஷெட்டைப் பற்றி ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு: 'நாலு மழையில் நனைந்த மருந்து இனி என்ன செய்யும்?' நிறையவே செய்யும். அலுமினியப் பவுடர் கலந்த வெடிமருந்தில் ஈரம் சேர்ந்தால் அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கலாம். தரையிடுக்கிலும் கதவுக் கீலிலும் படிந்திருக்கும் தூளுக்கு ஓர் உராய்வு போதும். துருப்பிடித்த கதவை இழுப்பதும், மணிமணியாகக் கிடக்கும் வெடிமருந்தைக் காலால் தேய்ப்பதும் அந்த உராய்வுதான். கழிவுப் பட்டாசைப் பொறுக்கிப் பிரித்துப் பார்ப்பது அதைவிட மோசம்.

தீயோ புகையோ தெரிந்தால் கிட்டே போகக்கூடாது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி பட்டாசு ஆலை விபத்தில் 35-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பலர் அங்கே வேலை பார்த்தவர்கள் அல்லர். முதல் தீயைப் பார்த்து, காப்பாற்றவும் வேடிக்கை பார்க்கவும் ஓடியவர்கள்.

யாரிடம் சொல்வது?

ஷெட்டில் மருந்தோ, திருட்டுத்தனமாக வேலை நடப்பதோ தெரிந்தால் எதையும் தொடாமல் விலகி வந்து 112-க்கோ, தீயணைப்புத் துறையின் 101-க்கோ அழையுங்கள். புகாரை எங்கே கொடுப்பது என்பது உரிமத்தைப் பொறுத்தது. நாக்பூரிலோ சென்னையிலோ வெடிபொருள் கட்டுப்பாட்டுத் துறை கொடுத்த லைசென்ஸ் என்றால் அத்துறையின் சிவகாசி அலுவலகம். டிஆர்ஓ (மாவட்ட வருவாய் அலுவலர்) லைசென்ஸ் என்றால் விருதுநகர் ஆட்சியர் அலுவலகம். எது என்று தெரியாவிட்டால், ஆட்சியரின் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுவைக் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். பழம்பொருள் கிடைத்தால், எடுக்காமல் இடத்தோடு சேர்த்துப் படம் பிடித்து, கிராம நிர்வாக அலுவலரிடமோ வெம்பக்கோட்டை தாசில்தாரிடமோ சொல்லுங்கள்.

பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் கட்டணத்தில், 'இந்த ஆலையின் உரிமம் எப்போது ரத்தானது, மிச்ச மருந்தை அழித்ததற்கான பதிவு எங்கே?' என்று கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். பெண்கள், குழந்தைகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞர் ஏற்பாடு செய்யும். உதவி எண் 15100.

பிள்ளைகளிடம் 'அங்கே போகாதே' என்று மட்டும் சொன்னால் ஆசைதான் கூடும். மேட்டுக்காட்டில் கிடைத்தவற்றைக் காட்டி, பழைய ஊரைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கும் வேலையைப் பள்ளிகள் எடுத்துக்கொள்ளட்டும். மூடிய ஷெட்டிலுள்ள மருந்தை அப்புறப்படுத்தச் சொல்லி மனு எழுதும் வேலை பெரியவர்களுடையது.